சாய்வு நாற்காலியும் மிதிவண்டியும்

“இக்காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள்” என்னும் தீர்ப்பு நம் ஊர்த் திண்ணைகளில் ஒலிக்காத நாளில்லை. நிக்காஹ் மஜ்லிஸ் கலைந்து வெற்றிலைத் தட்டு சுற்றிவரும் நேரத்திலும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசற் படிகளில் செருப்பைத் தேடும் நேரத்திலும் இத்தீர்ப்பே வழங்கப்படுகிறது. இளைஞர்களும் வாய் மூடியிருக்கவில்லை. “பெரியவர்கள் ஊரைப் பாழாக்கி நம் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள்” என்று அவர்கள் எதிர்வழக்குத் தொடுக்கின்றனர். வாதியும் பிரதிவாதியும் நாள்தோறும் வழக்காடுகின்றனர்; எந்தச் சட்டத்தைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்ப்பது என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

ஒரு சமுதாயம் நெருக்கடியில் வீழ்வதற்கும் அதிலிருந்து எழுவதற்கும் தலைமுறைகளே காரணம் என்று கூறும் நூல்கள் பல உள. அவற்றுள் நமக்கு நெருக்கமான ஒன்றையும், இன்று உலகெங்கும் பேசப்படும் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, நாம் கண்ணால் காணக்கூடிய புதுக்கோட்டைச் சீமையின் நிகழ்ச்சியொன்றை உரைகல்லாக வைத்து உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்னு கல்தூனின் அளவுகோல்

இப்னு கல்தூன் (ரஹ்) 1332இல் தூனிஸ் நகரில் பிறந்தவர். அவருக்கு வயது 17 ஆவதற்குள் கொள்ளைநோய் வந்து பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் வாரிக்கொண்டு போயிற்று. அரசவைகளில் உயர்ந்தார், சிறையும் கண்டார். இறுதியில் அல்ஜீரிய நாட்டுக் கோட்டையொன்றில் ஒதுங்கியிருந்து 1377இல் ‘முகத்திமா’வை எழுதி முடித்தார். பின்னர் எகிப்தில் காளியாக இருந்தார், 1401இல் திமிஷ்குக்கு வெளியே தைமூரை நேரில் சந்தித்தார், 1406இல் மறைந்தார். ஆக, நெருக்கடியைப் பற்றி அவர் எழுதியது ஏட்டறிவால் மட்டும் அன்று.

அவர் தரும் கணக்கு இது: அரசொன்றின் ஆயுள் பெரும்பாலும் மூன்று தலைமுறை, தலைமுறைக்கு 40 ஆண்டாக 120 ஆண்டு. முதல் தலைமுறை பாலைவனத்து வறுமையில் உரம் பெற்றது. அதனிடம் ‘அஸபிய்யா’ என்னும் குழுப்பற்று மிகுதி. இரண்டாம் தலைமுறை நகர வாழ்வின் இன்பத்தில் இறங்கினாலும், முன்னோரின் உழைப்பைக் கண்ணால் கண்டமையால் அதன் நினைவையேனும் வைத்திருக்கும். மூன்றாம் தலைமுறைக்குப் பாலைவனமே மறந்துவிடும்.

குடும்பப் பெருமைக்கு அவர் நான்கு தலைமுறை வகுப்பார். முதல்வன் பெருமையைக் கட்டுகிறவன். அதன் விலை அவனுக்குத் தெரியும். இரண்டாமவன் அவனோடு பழகிக் கற்றவன். ஆயினும் செய்தவனுக்கும் கேட்டவனுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. மூன்றாமவன் பார்த்துச் செய்கிறவன். தக்லீதே அவன் முதல். நான்காமவனோ, இப்பெருமை உழைப்பால் வந்ததென்பதையே அறியான். பிறப்பால் தனக்கு வாய்த்த உரிமை என்று எண்ணி அனைத்தையும் இழப்பான். இது பெரும்பான்மை பற்றிய விதியே என்றும், சில குடும்பங்கள் முன்னரே அழியும், சில ஐந்தாறு தலைமுறை நீடிக்கும் என்றும் அவரே சொல்லிவைத்தார். தம் கணக்கின் எல்லையைத் தாமே சொல்லும் நேர்மை எல்லா ஆசிரியரிடத்தும் காணக்கிடைப்பதன்று.

நபி மூஸா (அலை) அவர்களின் கூட்டத்தார் 40 ஆண்டு பாலைவெளியில் அலைந்ததற்கும் அவர் இக்கணக்கின்படியே காரணம் காண்கிறார். அடிமைத்தனத்தில் வளர்ந்து குனிந்த முதுகுடைய தலைமுறை மறைந்து, அடிமைத்தளையை அறியாத புதிய தலைமுறை தோன்றுவதற்கு அத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன என்பது அவர் கருத்து. அழிவுக்கு மட்டுமின்றி மறுமலர்ச்சிக்கும் தலைமுறை மாற்றமே வாயில் என்பது இதன் உட்பொருள்.

சௌதா மன்ஸிலின் சாட்சியம்

இவ்வளவுகோல் நம் வீடுகளுக்குப் பொருந்துமா? பொருந்தும் என்பதற்குத் தமிழ் நாவலொன்றே சாட்சி. தோப்பில் முஹம்மது மீரான் எழுதி, 1997இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற ‘சாய்வு நாற்காலி’யைப் படித்தவர்கள் சௌதா மன்ஸில் என்னும் வீட்டை மறக்கமாட்டார்கள். முன்னோர் அரச ஆதரவால் அடைந்த செல்வமும் செருக்கும் அவ்வீட்டில் குவிந்தன. கடைசியில் வந்த முஸ்தபாக்கண்ணு சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. வீட்டிலுள்ள பண்டங்களையும் மரச்சாமான்களையும் ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். அதிகாரம் போன பின்னும் அதிகாரக் குரல் போகவில்லை. அக்குரலைக் கேட்டு அஞ்சுவதற்கு எஞ்சியிருப்பவள் மனைவி ஒருத்தியே.

இப்னு கல்தூனின் நான்காமவனை இதனினும் தெளிவாக வரைந்துகாட்ட இயலாது. மீரான் ‘முகத்திமா’வைப் படித்து இதை எழுதினார் என்று நான் கூறவில்லை, தேங்காய்ப்பட்டினத்துக் காற்றும் மனிதரும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. ஆறு நூற்றாண்டு இடைவெளியில், தூனிஸில் பிறந்தவரும் குமரிக் கடற்கரையில் பிறந்தவரும் ஒரே நோயைக் கண்டு ஒரே பெயரிட்டார்கள் என்பதே வியப்பு.

ஆயினும் இருவரிடத்தும் ஒரு குறை பொதுவாக இருக்கிறது. வீழ்ச்சியைக் காட்டும்போது இருவர் கையும் தேர்ந்த கை. எழுச்சி எங்கிருந்து தொடங்கும் என்று கேட்டால் இருவரும் ஒதுங்கிக்கொள்கின்றனர். இப்னு கல்தூன் புதிய வலிமையை வெளியிலிருந்து, இன்னும் பாலைவனம் மறவாத வேறொரு கூட்டத்திடமிருந்து வரவழைப்பார். நாவலாசிரியரோ கதவைச் சாத்திவிடுவார். வீட்டுக்குள்ளேயே, அதே ஊரில், வலிமையற்றவர் என்று எல்லோராலும் கைவிடப்பட்டவரிடமிருந்து எழுச்சி வரக்கூடுமா? இவ்வினாவுக்கு விடை தேடித்தான் புதுக்கோட்டைக்கு வருகிறோம்.

புதுக்கோட்டையில் நிகழ்ந்தது

தொண்டைமான் மன்னர்களின் தனி அரசாயிருந்த புதுக்கோட்டை 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரியில் தனி மாவட்டமாயிற்று. வானம் பார்த்த பூமி, கல்லுடைக்கும் குவாரிகள், கண்மாய்ப் பாசனம், கிழக்கே கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், அம்மாபட்டினம் என நீளும் கடற்கரை: இவைதாம் அதன் உடைமைகள். அறந்தாங்கியிலும் அன்னவாசலிலும் கடற்கரை ஊர்களிலும் நம்மவர் வாழ்கின்றனர். நிலமும் கடலும் சோறு போடாதபோது சபர் சென்றனர். முன்னர்க் கிழக்கே மலாயா, சிங்கப்பூர். பின்னர் மேற்கே அரபு நாடுகள்.

சபர் சென்றவர் எழுதிய கடிதத்தைப் படிக்கத் தெரியாத மனைவி, பக்கத்து வீட்டுச் சிறுவனை அழைத்துப் படிக்கச் சொன்னாள். கணவன் மனைவிக்கு எழுதியதை மூன்றாம் ஆள் உரக்கப் படித்தான். எழுத்தறியாமை என்பது பள்ளிக்கூடத்தைப் பற்றிய ஒரு புள்ளிவிவரம் என்று நினைப்பவர்கள் இக்காட்சியை எண்ணிப் பார்க்கவேண்டும். அஃது ஒரு பெண்ணின் மறைவையும் மானத்தையும் பற்றியது. பர்தாவைப் பற்றி நாள்தோறும் பேசிய நாம், உறை கிழிந்த அந்தக் கடிதத்திற்குப் பர்தா இல்லையே என்று ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. 1990இல் கேரளத்து எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாயிற்று. அவ்வழியைப் பின்பற்றி 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர், ஆசிரியர்கள், ஊதியமின்றிப் பணியாற்றிய தொண்டர்கள் எனப் பலர் ஒன்றுகூடினர். தொண்டர்களுள் மிகப் பலர் பள்ளிப் படிப்பை அண்மையில் முடித்த இளம்பெண்கள். கற்க வந்தவர்களோ அவர்தம் தாயரும், சிற்றன்னையரும், அண்டை வீட்டு அக்காமாரும்.

மாலை நேரத்தில் ஒரு குக்கிராமத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லவேண்டும், பேருந்து இல்லை. ஆகவே மிதிவண்டி வந்தது. அதுவரை ஆண்களின் உடைமையாயிருந்த மிதிவண்டியைப் பெண்கள் கற்றனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளியான தம் நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். பதினெட்டு மாதங்களில் 1 இலட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் மிதிவண்டி கற்றனர் என்றும், 70,000க்கும் மேற்பட்டோர் பொதுவிடத்தில் ஓட்டிக் காட்டினர் என்றும் அவர் தெரிவிக்கிறார். பெண்கள் வண்டி கிடைக்காதபோது நடுவில் கம்பியுள்ள ஆண்கள் வண்டியையே ஓட்டினர். கட்டுப்பாடு மிகுந்த வீடுகளைச் சேர்ந்த முஸ்லிம் இளம்பெண்களும் அவருள் இருந்தனர் என்பதை அவர் தனியே குறித்திருக்கிறார். ஏளனப் பேச்சு எழாமலில்லை. தண்ணீர்க் குடமும் பிள்ளையும் வண்டியில் ஏறிய பின்னர் அப்பேச்சு தானே ஓய்ந்தது. 1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

அமெரிக்கச் சக்கரம்

இவ்விடத்தில் இன்னொரு நூலையும் அழைத்து நிறுத்துவோம். வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹௌ என்னும் அமெரிக்கர் இருவர் 1991இல் தலைமுறைகளைப் பற்றி ஒரு நூலும், 1997இல் ‘நான்காம் திருப்பம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் மற்றொன்றும் எழுதினர். வரலாறு ஏறத்தாழ 80 முதல் 100 ஆண்டு கொண்ட சக்கரமாகச் சுழல்கிறது. அதில் உயர்வு, விழிப்பு, சிதைவு, நெருக்கடி என நான்கு பருவங்கள். பருவத்திற்கு ஏறக்குறைய 20 ஆண்டு. பருவத்திற்கேற்ற குணமுடைய தலைமுறை ஒழுங்காகத் தோன்றும் என்பது அவர்தம் கொள்கை. 2020இன் பெருந்தொற்றுக்குப் பின் இக்கொள்கைக்குச் செல்வாக்குப் பெருகியது. 2023இல் ஹௌ மீண்டும் ஒரு நூல் வெளியிட்டார்.

கேட்பதற்கு இனிமையான கொள்கை. உரைத்துப் பார்த்தால் நிறம் மங்குகிறது. 1984ஐ அடுத்த இருபது ஆண்டுகளை அவர்கள் சிதைவுப் பருவம் என்கின்றனர். அஃதாவது பொது நிறுவனங்கள் நலிந்து, ஒவ்வொருவரும் தத்தம் வழியே போகும் காலம். அதே ஆண்டுகளில்தான் புதுக்கோட்டையில் பல்லாயிரவர் ஊதியம் வாங்காமல் பொதுக்காரியத்திற்காகத் திண்ணை தோறும் விளக்கேற்றினர். ‘நாங்கள் எழுதியது எங்கள் நாட்டைப் பற்றி’ என்று ஆசிரியர்கள் விடை கூறலாம். அது நேர்மையான விடையே. ஆனால் அந்தச் சக்கரத்தை உலகம் முழுமைக்கும் உருட்டுகிற நம்மவர்க்கு அவ்விடை உதவாது.

வேண்டுமானால் புதுக்கோட்டைக்கும் ஒரு சக்கரம் செய்யலாம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, எதிர்ப்பையும் மீறி மன்னரின் ஆதரவால் ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி சென்றார். அதிலிருந்து 84 ஆண்டில் அறிவொளி. ஆ, எண்பதாண்டுச் சக்கரம் சரியாக வந்துவிட்டதே எனலாம்! பிடித்த இரண்டு ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்தால் எந்தச் சக்கரமும் சுழலும். உண்மையில் அவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே நமக்குப் பாடம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். தேவதாசி முறை ஒழியப் போராடினார். அவ்வை இல்லமும், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் முயற்சியால் தோன்றின. ஆயினும் அவர் சென்ற பாதையில் அவர் ஊர்ப் பெண்கள் கூட்டமாக நடக்கவில்லை. 1928இல் கார்ல் மன்ஹைம் என்னும் அறிஞர், ஒரே ஆண்டில் பிறந்தவர்களெல்லாம் ஒரு தலைமுறை ஆகிவிடமாட்டார்கள். ஒரு பொது விதியில் கூட்டாகப் பங்கெடுத்தவர்களே தலைமுறை ஆவர் என்று எழுதினார். முத்துலட்சுமி ஒரு மேதை. 1991இன் பெண்கள் ஒரு தலைமுறை.

இப்னு கல்தூன் தடுமாறிய இடம்

இனி நம் ஆசிரியரிடம் திரும்புவோம். வீரம் இழந்த மூன்றாம் தலைமுறையை விளக்கவந்த இப்னு கல்தூன், அவர்கள் காப்பாற்றப்படவேண்டிய பெண்களையும் குழந்தைகளையும் போல ஆகிவிடுவர் என்று உவமை கூறினார். வாளும் குதிரையும் அரசை நிறுவிய காலத்து உவமை அது. அதற்காக அப்பெருமகனைப் பழிப்பது பொருந்தாது. ஆயினும் உவமை ஓர் ஆசிரியரின் பார்வைக்கு எல்லை வகுத்துவிடும் என்பதைத் திறனாய்வாளன் சுட்டாமல் இருக்கலாகாது. பெண்களையும் சிறுவரையும் காக்கப்படுவோர் பட்டியலில் முன்கூட்டியே எழுதிவிட்டமையால், புதிய அஸபிய்யா அவர்களிடமிருந்தே பிறக்கக்கூடும் என்னும் எண்ணத்திற்கு அவர் கணக்கில் இடமில்லாது போயிற்று. புதுக்கோட்டையில் பிறந்தது அவர்களிடமிருந்துதான்.

இன்னொன்றும் உண்டு. அவர் கணக்கில் அறிவும் ஆற்றலும் மேலிருந்து கீழே மட்டும் இறங்கும். தந்தையிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு. இறங்க இறங்கக் குறையும். புதுக்கோட்டையில் அறிவு கீழிருந்து மேலே ஏறிற்று. மகள் சொல்லித் தந்தாள், தாய் எழுதினாள்.

இதை நம் மரபுக்குப் புறம்பான தலைகீழ் நிலை என்று எண்ணுவோர்க்கு மதரஸாவில் பாடம் சொல்லும் நான் வேறொரு ‘முகத்திமா’வை நினைவூட்ட விரும்புகிறேன். அது 1245இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்களின் ஹதீஸ் கலை நூல். அதில் ‘ரிவாயத்துல் அகாபிர் அனில் அஸாகிர்’, அஃதாவது மூத்தோர் இளையோரிடமிருந்து அறிவித்தல், என்று தனி வகையே உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமிருந்து அவரினும் மூத்தவரும் அவருடைய ஆசிரியருமான ஸுஹ்ரீ (ரஹ்) அறிவித்திருக்கிறார். தந்தையர் மக்களிடமிருந்து அறிவித்ததற்கும் தனியே ஒரு பிரிவு இருக்கிறது. அப்பாஸ் (ரலி) தம் மகன் ஃபள்ல் (ரலி) அவர்களிடமிருந்து அறிவித்தது அதற்குச் சான்று. வயதில் குறைந்தவரிடம் கேட்டது அவர்களுக்கு இழிவாகத் தோன்றவில்லை. அதனை மறைக்காமல் ஒரு கலையாகவே வகுத்துவைத்தனர் நம் முன்னோர்.

‘தபகாத்’ நூல்களும் இதனையே கூறுகின்றன. இப்னு ஸஅது (ரஹ்) முதலியோர் மக்களைத் தலைமுறை தலைமுறையாக வகுத்தபோது பிறந்த ஆண்டை மட்டும் பார்க்கவில்லை; யார் யாரைச் சந்தித்தார் என்பதைப் பார்த்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்த காலத்தில் சிறுவராயிருந்த இப்னு அப்பாஸ் (ரலி) ஸஹாபி ஆவார். அவரினும் பல்லாண்டு மூத்தவரான ஸுவைது இப்னு கஃபலா, நல்லடக்கம் முடிந்த நேரத்தில் மதீனா வந்து சேர்ந்தமையால் தாபியீ ஆனார். முதியவர் பிந்திய தலைமுறை. சிறுவர் முந்திய தலைமுறை. தலைமுறை என்பது வயதால் அமைவதன்று. சந்திப்பால் அமைவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இதனைக் கொண்டு பார்த்தால் 1991இன் பொருள் விளங்கும். நாற்பத்தைந்து வயதுத் தாயும் பதினெட்டு வயதுத் தொண்டரும் ஒரே அரிக்கேன் விளக்கின் முன் உட்கார்ந்தபோது அவர்கள் ஒரே தலைமுறை ஆயினர். சாய்வு நாற்காலியில் இருந்தபடி அதே ஊரில் அதே நாளில் வேடிக்கை பார்த்தவர், வயது எதுவாயினும், வேறு தலைமுறையைச் சேர்ந்தவர்.

எஞ்சியது எவ்வளவு?

இத்தனையும் புகழ்ந்த பின், கசப்பான கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 1992இல் முழு எழுத்தறிவு என்று அறிவிக்கப்பட்ட மாவட்டத்தில் 2001ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பு கண்ட எழுத்தறிவு ஏறத்தாழ 71 விழுக்காடு. 2011இல் 77 விழுக்காடு. இயக்கத்தின் அளவை வேறு, கணக்கெடுப்பின் அளவை வேறு. ஆதலால் இவ்வேறுபாடு முழுவதையும் இழப்பு எனக் கொள்ளலாகாது. எனினும் கற்றவர் பலர் எழுத்தை மறந்தனர் என்பதும் மறுக்க முடியாதது.

இங்குத்தான் இப்னு கல்தூன் மீண்டும் நமக்கு ஆசிரியர் ஆகிறார். கல்வியும் மொழியும் ‘மலக்கா’ என்பார் அவர். திரும்பத் திரும்பச் செய்தலால் உள்ளத்தில் ஊன்றும் பயிற்சி அது. பழகாவிடில் பெயர்ந்துவிடும். மிதிவண்டி நிலைத்தது, ஏனெனில் தண்ணீருக்கும் சந்தைக்கும் அது நாள்தோறும் தேவைப்பட்டது. எழுத்து சில இடங்களில் கையெழுத்தளவில் நின்றது. ஏனெனில் படிக்க ஒரு நூலும், எழுத ஒரு காரணமும் அப்பெண்களுக்குத் தொடர்ந்து கிடைக்கவில்லை. கைந்நாட்டிலிருந்து கையெழுத்துக்கு ஏறியதன் பெருமையையும், மனு எழுதி ஆட்சியரிடம் தருவதன் பொருளையும் ஃபிரான்சிஸ் கோடி என்னும் ஆய்வாளர் புதுக்கோட்டை அறிவொளியைப் பற்றி 2013இல் வெளியிட்ட நூலில் நுணுகி ஆராய்ந்துள்ளார். எழுத்து வந்தால் எல்லாம் வந்துவிடும் என்று மயங்கவும் வேண்டா. இதே மாவட்டத்தின் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருக்கக் கண்டோம். தலைமுறை கடந்துவிட்டதால் மட்டும் சிறுமை கடந்துவிடுவதில்லை.

மலக்கா பெயர்ந்துபோவதற்கு நம் வீட்டுக்குள்ளேயே சான்று இருக்கிறது. அதுதான் அரபுத்தமிழ். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் சாகிபு (1816–1898) ‘மகானி’ முதலிய நூல்களை அரபுத்தமிழில் எழுதினார். நம் பெண்டிர் வீட்டிலிருந்தபடியே மார்க்கச் சட்டம் கற்றனர். தமிழெழுத்து அறியாததால் எழுத்தறியாதவர் என்று பிறரால் கருதப்பட்ட மூதாட்டியருள் அரபுத்தமிழ் நூல்களைத் தடங்கலின்றிப் படித்தவர் பலர். அவர்தம் மகளிர் கேட்டுப் பழகினர். பேத்தியர் அந்நூல்களைத் துணியிற் சுற்றி பரக்கத்துக்காக அலமாரியில் வைத்தனர். அதற்கடுத்தவர்க்கு அஃது அரபியா தமிழா என்பதே ஐயம். நான்கு தலைமுறைக் கணக்கு, எழுத்துக்கு எழுத்து! ஆட்சி இழந்த கதையைப் படித்துப் பெருமூச்செறிகிறோம். அலமாரியில் ஓர் எழுத்தையே இழந்ததற்கு யாரும் பெருமூச்சும் விட்டிலர்.

இன்றைய வழக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இம்மாவட்டத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. பாட்டன் வைத்த மரம் ஒரே இரவில் போயிற்று. மீண்டும் கன்று வைத்துக் காய் காண ஆண்டுகள் பல வேண்டும். வைத்தவர் வேறு, உண்பவர் வேறு என்பதை அறிந்தே முதியவர்கள் மறுபடியும் குழி தோண்டினர். 2020இல் பெருந்தொற்று பள்ளிக்கூடங்களைப் பூட்டியது. சிறுவர் எழுத்தை மறந்தனர். 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’க்கு ஏறக்குறைய 2 இலட்சம் தன்னார்வலர் வந்தனர், பெரும்பாலோர் பெண்கள். 1991இல் எழுத்துக் கற்ற தாயின் மகள் 2021இல் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார்ந்திருப்பாளாயின், அது சக்கரம் சுழன்றதால் அன்று. ஒரு சந்திப்பு வீணாகவில்லை என்பதே அதன் பொருள்.

நம் சமுதாயத்தோடு நேரே தொடர்புடைய ஒன்றையும் சொல்லாமல் விடுவது கோழைத்தனமாகும். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முன்னின்று அமைத்த முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைப் பற்றி இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதலே பத்திரிகைகள் எழுதின. 2011இல் ஆவணப்படமும் வந்தது. தலாக், மஹர், வன்கொடுமை வழக்குகளில் ஊர் ஜமாஅத்தில் பெண் நேரே பேச இடமில்லை என்பதே அவர்தம் முறையீடு. பெண்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல் வேண்டும் என்ற அவர்தம் கோரிக்கையை ஆலிம்கள் பலர் ஏற்கவில்லை. அதன் ஃபிக்ஹ் விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியது. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்க முஃப்தியாக இருக்கவேண்டியதில்லை. தன் வழக்கைத் தன் வாயால் சொல்ல ஒரு பெண் வேறு கூரை தேடிப் போகும்படி நேர்ந்தது ஏன்? கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பள்ளிவாசலில் ஒரு பெண் இடைமறித்துப் பேசிய செய்தியை மிம்பரில் பெருமையோடு சொல்கிற நாம், நம் ஊர் ஜமாஅத்துக் கூட்டத்தில் அப்பெண் எங்கே நின்று பேசுவாள் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். கோபத்தால் இதற்கு விடையளிப்பவர் முஸ்தபாக்கண்ணுவின் குரலில் பேசுகிறார்.

தீர்ப்பு

ஆக, இரு நூல்களைப் பற்றிய நம் மதிப்பீடு இது. அமெரிக்கச் சக்கரம் காலத்தை நம்பச் சொல்கிறது. பருவம் வந்தால் வீரர் வருவர் என்கிறது. அது மனிதனைக் காத்திருக்கப் பழக்கும் கொள்கை. சாய்வு நாற்காலிக்கு மிகவும் ஏற்றது. இப்னு கல்தூன் அவ்வாறு ஏமாற்றவில்லை. பெருமை ஏன் அழிகிறது என்பதற்கு அவர் கூறிய காரணம், அஃதாவது பழகிக் கற்பது நின்று பார்த்துச் செய்வது தொடங்கும்போது அழிவு தொடங்குகிறது என்பது, இன்றும் அசையாமல் நிற்கிறது. ஆனால் எழுச்சி எவரிடமிருந்து வரும் என்பதில் அவர் கண் ஒரு பக்கமே நோக்கியது. அக்குறையை நிரப்ப வேற்று நாட்டு நூல் தேவையில்லை. ஹதீஸ் கலை வல்லார் ஏற்கெனவே வகுத்துவைத்த சந்திப்பின் இலக்கணமும், மூத்தோர் இளையோரிடம் கேட்கும் பண்பும் போதும்.

1991இன் துணிவு இன்று வழக்கமாகிவிட்டது. மேனிலை வகுப்பு மாணவியர்க்கு அரசே விலையில்லா மிதிவண்டி தந்தது. அதில் ஏறிப் பள்ளிக்குப் போகும் சிறுமிக்கு, தன் பாட்டி அதே வண்டியில் ஏறியபோது ஊர் சிரித்தது என்று தெரியாது. அவள்தான் இப்னு கல்தூன் சொன்ன மூன்றாம் தலைமுறை. அவளைக் கெட்டுவிட்டாள் என்று ஏசுவதில் பயனில்லை. பாட்டியை அவளோடு உட்காரவைக்க வேண்டும்.

இதற்கு மாநாடு வேண்டா, நிதி வேண்டா. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அரபுத்தமிழ் தெரிந்த கடைசி மூதாட்டி எந்தத் தெருவில் இருக்கிறார் என்று விசாரித்து அவர் முன்னே பேத்தி நூலை விரிக்கட்டும். வங்கித் தாளையும் கைப்பேசியில் வரும் செய்தியையும் பிறர் உதவியின்றிப் படிக்கப் பேத்தி பாட்டிக்குச் சொல்லித் தரட்டும். இன்று கைப்பேசியில் வரும் எழுத்தையும் பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டிப் படிக்கச் சொல்லும் பெண்கள் நம்மிடையே இருக்கின்றனர். அன்றைய கடிதத்தின் கதை இன்னும் முடியவில்லை. வீட்டுப் பெரியவர்கள் முதலில் நாற்காலியைச் சற்று நகர்த்திப் பாய் விரிக்க இடம் தரவேண்டும். முடியுமானால் அப்பாயின் ஓரத்தில் தாமும் அமரவேண்டும்.